இரண்டு மணிக்கு மேல்

புளியரையிலிருந்து மலை ஏறும் சாலையில்
மூன்றாவது வளைவு என் கடை.
பிச்சை டயர் ஒர்க்ஸ்.
'இருபத்துநாலு மணி நேரமும்' என்று எழுதியிருந்ததை
போன ஆனியில் தார் பூசி அழித்தேன்.
கீழே சாக்பீஸால்
காலை ஆறு முதல் இரண்டு வரை.
சாரல் அழிக்க, நான் எழுத, சாரல் அழிக்க,
கடைசியில் பெயிண்ட் வாங்கினேன்.

கணக்குப் போட்டவள் ஜரீனா.
கடை வாடகை, கேஸ், கரண்ட்,
மூத்தவளுக்கு பஸ் பாஸ்,
இளையவனுக்கு மூக்குக்கண்ணாடி,
வாரம் இரண்டு நாள் மீன், வெள்ளிக்கிழமை கறி,
பெருநாள் துணி,
ஆஸ்பத்திரிக்கென்று தனியாக ஒரு தொகை.
அடியில் கோடு இழுத்து
நோட்டை என் பக்கம் தள்ளினாள்.
"இவ்வளவும் மத்தியானத்துக்குள்ள வந்துருது.
பொறவு எதுக்கு ராத்திரி பன்னெண்டு வரைக்கும்
லாரிக்கு அடியில கெடக்கீங்க?"
மாடி கட்ட, என்றேன்.
"மாடியில யாரு இருக்கப் போறா?"

கம்பிகள் மொட்டைமாடியில்
வானத்தைப் பார்த்து நிற்கின்றன இன்னும்,
துருவேறி.

முதல் வாரம் கொடுமை.
கம்ப்ரஸரை அணைத்ததும் வந்த அமைதியை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
சாப்பிட்டேன். படுத்தேன். எழுந்தேன்.
மணி மூன்று பத்து.
நன்றாக ஓடிய மின்விசிறியைக் கழற்றி மாட்டினேன்.
அதன்பின் அது நன்றாக ஓடவில்லை.
"கடைக்கே போய்த் தொலைங்க" என்றாள்
கணக்குப் போட்டவளே.
படுத்த இடத்திலிருந்தே கேட்கும்,
மலை ஏறும் காய்கறி லாரிகளில்
எதற்குப் பின்சக்கரம் தளர்ந்திருக்கிறது என்று.
ஒவ்வொன்றும் இருநூறு ரூபாய்.
என் தலைமாட்டைத் தாண்டி
எதிர்வளைவு சுடலைமுத்துவிடம் போய் நின்றது.
புதுக் கம்ப்ரஸர் வாங்கிவிட்டான், சிவப்பு நிறத்தில்.
பொறாமை இல்லை என்றால் பொய்.

எப்போது மாறியது, சொல்லத் தெரியவில்லை.
ஒரு நாள் மணி பார்க்க மறந்தேன், அவ்வளவுதான்.

இந்த ஆடியில் ஒரு செவ்வாய்,
வண்டியில் ஜரீனாவை ஏற்றிக்கொண்டு
ஆரியங்காவு போனேன், கப்பையும் மத்திக் குழம்பும் தின்ன.
"இன்னு லீவாணோ சேட்டா?" கடைக்காரி கேட்டாள்.
"எல்லா திவசமும்" என்றேன்
எனக்குத் தெரிந்த மலையாளத்தில்.
அவள் சிரிக்கவில்லை. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.
வேலை போனவன் என்று நினைத்திருப்பாள்.

திரும்பும்போது கோட்டைவாசலுக்குக் கீழே
பின்சக்கரம் படுத்துவிட்டது.
சாரலில் தள்ளிக்கொண்டு இறங்கி
சுடலைமுத்து கடையில் நிறுத்தினேன்.
"என்ன ஓய், உம்ம கடை நூறடியில இருக்கு.
சாவியும் இடுப்புலதான் தொங்குது."
கடை சாத்தியாச்சு, என்றேன்.
என்னை ஒரு தடவை பார்த்தான்,
ஜரீனாவை ஒரு தடவை.
டியூபை உருவித் தொட்டியில் அமுக்கினான்.
பெஞ்சில் உட்கார்ந்தேன்.
இருபத்தாறு வருசத் தொழிலில்
காற்றுக் குமிழ் வருவதை
நின்று குனிந்தே பார்த்திருக்கிறேன்.
உட்கார்ந்து பார்க்க அது வேறாக இருந்தது.
சின்னச் சின்னதாய், அவசரமில்லாமல்.

எழுபது ரூபாய்.
"தொழில்காரனுக்கு அம்பது போதும்" என்றான்.
எழுபதே கொடுத்தேன்.
அன்றிரவு நோட்டில் அதற்கும் ஒரு வரி இருந்தது.

அவன் கண்கள் சிவந்திருந்தன.
"நேத்து ஒரு மணி ஆயிப்போச்சு.
மாடி கட்டுதேன்லா."

எங்க வீட்டில் கம்பி சும்மாதான் நிற்குது,
அறுத்து எடுத்துக்கோ என்று
சொல்ல வாயெடுத்தேன்.
ஜரீனா என் முழங்கையைக் கிள்ளினாள்.

துணி காயப்போட
கொடி கட்டியிருக்கிறாள் அதில்.